வலைப்பதிவில் நாலு காசு பார்க்க வேண்டுமா? இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்

வலைப்பதிவு எழுதி லட்சம் லட்சமாகச் சம்பாதிப்பது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. அவர்களில் பலருக்கு வருமானம் வருவதே அந்த வீடியோவில் இருந்துதான். இங்கே எழுதுவது வேறு ஆட்களுக்கு. வேலை, வீடு என்று எல்லாம் ஒருபக்கம் இருக்க, மாடித்தோட்டத்தைப் பற்றியோ படித்த புத்தகங்களைப் பற்றியோ ஊர் ஊராகப் போய்ப் பார்த்த கோயில்களைப் பற்றியோ ஆசைக்கு எழுதுகிறவர்கள், "நெட் பில்லுக்காவது இதில் வந்தால் தேவலை" என்று நினைப்பார்கள் அல்லவா, அவர்களுக்கு. அந்த அளவுக்குப் பணம் வர வாய்ப்பு உண்டு. வராமல் போவதற்கும், வந்தது கைநழுவிப் போவதற்கும் சொல்லப்படும் காரணங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான்.

கணக்குப் போடாமல் இறங்குவது

வலைப்பதிவு வருமானம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது, நம் பக்கத்தில் விளம்பரம் காட்டி அதில் ஒரு பங்கைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ். 2003இல் வந்த அந்தத் திட்டம் தமிழை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2018இல்தான். தமிழ்ப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் பின்னூட்டச் சண்டைகள் அனல் பறந்த காலத்தில் எழுதிய பலர், ஒரு பைசா பார்க்காமலே எழுதி ஓய்ந்துவிட்டார்கள். இப்போது வழி திறந்திருக்கிறது, ஆனால் குறுகலான வழி.

கணக்கில் குறைந்தது 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்புவார்கள். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 100 டாலருக்கு இரண்டு லட்சம் பார்வை வேண்டும். தினம் 300 பார்வை வரும் பதிவுக்கு அது ஏறக்குறைய இரண்டு வருடம். உங்களுக்கு இந்த விகிதம் கூடலாம், குறையலாம். வாசகர் டொரண்டோவில் உட்கார்ந்து படித்தால் மதுரையில் படிப்பதைவிடப் பொதுவாக விளம்பரத்துக்கு அதிக விலை கிடைக்கும். இருந்தாலும் ஒரு தனி ஆள் தமிழில் எழுதும் பதிவுக்கு விளம்பரப் பணம் என்பது உபரிதான். அதை நம்பி மூன்று வருட ஹோஸ்டிங்குக்கும் (பதிவை வைக்கும் இணைய இட வாடகை) விலை உயர்ந்த தீமுக்கும் (பக்க வடிவமைப்பு) முன்கூட்டியே பணம் கட்டுவது வரவுக்கு முன்பே செலவைக் கூட்டும் வேலை.

கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகர் இலவசம். அதில் உங்கள் சொந்த டொமைன் பெயரையும் (இணைய முகவரி) இணைத்துக்கொள்ளலாம், ஆட்சென்ஸும் போடலாம். வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் இந்த இரண்டும் நடக்காது. அங்கே தெரியும் விளம்பரங்கள் அவர்களுடையவை. இது தெரியாமல் அங்கே நூறு பதிவு எழுதிய பிறகு இடம் மாற்ற அல்லாடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, பத்துப் பதிவு தேறுவதற்குள் பக்கம் முழுக்க விளம்பரத்தை நிரப்பிவிடுவது. தமிழ் வாசகர்களில் பெரும்பாலானோர் போனில் படிக்கிறார்கள். கத்தரிச்செடியில் வெள்ளைப்பூச்சிக்கு என்ன செய்வது என்று தேடி வருகிறவர், கடன் செயலி, முடி வளரும் எண்ணெய், மறுபடி கடன் செயலி என்று மூன்று விளம்பரத்தைத் தள்ளிவிட்டுத்தான் விடைக்கு வர வேண்டும் என்றால் பாதியிலேயே போய்விடுவார். மறுபடி வரமாட்டார். ஆட்சென்ஸில் தானியங்கி விளம்பரத்தை இயக்கியதும் அதன் அளவுகோலைக் குறைத்துவைக்க வசதி இருக்கிறது. நிறையப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை.

"எல்லாரும் ஒரு கிளிக் பண்ணுங்க"

கணக்கு தொடங்கிய வாரமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தி போகும். சித்தப்பா நல்ல மனதோடு காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று அழுத்துவார். அதே ஆட்கள், அதே வைஃபை, விளம்பரத்தைத் திறந்த வேகத்தில் மூடுகிற அதே பழக்கம். கூகுளுக்கு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கணக்கை முடக்கிவிட்டு, சேர்ந்த பணத்தை விளம்பரதாரருக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மேல்முறையீடு செய்யலாம், பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பதால் வேறு மின்னஞ்சலில் புதிதாகத் தொடங்கும் வழியும் அடைபடும். இத்தனைக்கும் 2024இன் தொடக்கத்தில் இருந்து பதிவருக்குப் பணம் கணக்கிடப்படுவது விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையை வைத்துத்தான், கிளிக்கை வைத்து அல்ல. சித்தப்பாவிடம் பதிவைப் படித்து நான்கு பேருக்கு அனுப்பச் சொன்னால் போதும்.

இனிஷியல் படுத்தும் பாடு

நம்மூர்க்காரர்களுக்கென்றே அமைந்த சிக்கல் இது. ஆட்சென்ஸில் கொடுக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து ஒரு மாதிரி, பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பின்னால். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று படிவம் கேட்கும்போது மனம்போன போக்கில் நிரப்பிவிட்டால், இரண்டு வருடம் கழித்துப் பணம் வரும் நேரத்தில் அது வங்கியில் நின்றுபோகும் அல்லது திரும்பிப் போகும். பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் அச்சாகியிருக்கும்படியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.

முகவரியும் அப்படித்தான். 10 டாலர் சேர்ந்ததும் ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். அதை நான்கு மாதத்துக்குள் உள்ளிடாவிட்டால் விளம்பரம் காட்டுவதையே நிறுத்திவிடுவார்கள். வருவது சாதாரணத் தபால், பதிவுத் தபால் அல்ல. புதுக் கதவு எண், பழைய கதவு எண் இரண்டும் இருக்கும் தெருவென்றால் இரண்டையும் எழுதுங்கள். தபால்காரருக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றும், கைபேசி எண்ணும் சேர்த்தால் இன்னும் நல்லது.

பணம் வெளிநாட்டுப் பரிமாற்றமாக வருவதால் சில வங்கிகள் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும். என்ன பணம் என்று கிளையில் இருந்து போன் வந்தாலும் பயப்பட வேண்டாம், விளம்பர வருமானம் என்று சொன்னால் விளங்கும். ஆட்சென்ஸில் பணம் அனுப்பும் வரம்பை 100 டாலருக்கு மேல் உயர்த்திவைக்கலாம். சில்லறையாக வாங்கி ஒவ்வொரு தடவையும் கட்டணம் அழுவதைவிட, சேர்த்து வாங்குவது மேல்.

வலிய வரும் மின்னஞ்சல்கள்

பதிவு கொஞ்சம் பிரபலமானதும், "உங்கள் தளத்தில் ஒரு கட்டுரை போட வேண்டும், கையோடு பணம் தருகிறோம்" என்று மின்னஞ்சல் வரும். கட்டுரையை அவர்களே எழுதித் தருவார்கள். நடுவில் ஒரு சுட்டி, பெரும்பாலும் ரம்மிக்கோ பந்தயத்துக்கோ கடன் செயலிக்கோ போகும். ஆட்சென்ஸில் இரண்டு வருடம் உருண்டால் வருவது ஒரே நாளில் வருகிறதே என்று கை துறுதுறுக்கும். இங்கேதான் நிதானம் வேண்டும். பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதன்படி அவற்றுக்கு விளம்பரம் செய்வதே குற்றம்; இரண்டு ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம். சுட்டியைப் போட்டவர் சின்னப் பதிவர் என்பதற்குச் சலுகை கிடையாது.

சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் என்றாலும், காசு வாங்கிக்கொண்டு போட்ட சுட்டியை அப்படித்தான் என்று நிரலில் குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மறைத்தால் தேடலில் பதிவு பின்னால் போகும். வாசகருக்கும் தெரிய வேண்டும். பொருளையோ பணத்தையோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. நுகர்வோர் சட்டத்தில் தவறான பரிந்துரைக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. அந்தக் குறிப்பைப் பதிவின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காமல் தொடக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வாசகர் அதன் வழியாகப் பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன் தரும் அமேசான் சுட்டிகளுக்கும் இதுவே. புத்தகம் பற்றி எழுதுகிறவர்களுக்கு இது ஓரளவு பொருத்தமான வழி. ஆனால் தன் சுட்டி வழியாகத் தானே வாங்குவது விதிமீறல். சேர்ந்து 180 நாளில் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். படிக்காத புத்தகத்தை, பயன்படுத்தாத மிக்சியைப் பரிந்துரைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தவர் சரக்கு

கூகுளில் தேடி எடுத்த படம் யாருக்கோ சொந்தமான படம். பொழுதுபோக்குக்கு எழுதும்வரை யாரும் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம், விளம்பரம் ஏறிய பிறகு கதை வேறு. திரைப்பாடல் வரிகளை முழுதாகப் போடுவதும் அப்படியே. இந்தியாவில் ஒரு எழுத்தாளர் காலமாகி 60 ஆண்டுகள்வரை காப்புரிமை இருக்கிறது. பாரதியார், கல்கி போன்று தமிழக அரசு நாட்டுடைமையாக்கியவர்களின் எழுத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. படத்துக்கு, பிறர் பயன்படுத்த அனுமதித்த படங்களின் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. உரிமக் குறிப்பைப் படித்து, எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். அதைவிட நல்லது உங்கள் போனில் நீங்களே எடுத்த, கொஞ்சம் ஆடிய படம். செயற்கை நுண்ணறிவை வைத்துத் தினம் பத்துப் பதிவு தட்டிவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்தை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டது.

உங்கள் சொந்தச் சரக்கிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய பதிவுகளைத் தொகுத்துக் கிண்டிலில் மின்னூலாக வெளியிடுவது நல்ல யோசனை, என் கணக்கில் விளம்பரத்தைவிட மேலான யோசனை. ஆனால் வெளியிடும்போது கேடிபி செலக்ட் (அமேசானுக்கு மட்டும் என்று 90 நாள் ஒப்புக்கொள்ளும் திட்டம்) என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டால், அந்த 90 நாளும் அந்த எழுத்து மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது. உங்கள் பதிவில்கூட. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை விட்டுவைக்கலாம். பெட்டியைக் கவனிக்காமல் டிக் போட்டுவிட்டு, பிறகு அமேசானிடம் இருந்து எச்சரிக்கை வந்ததும் விழிப்பதில் பயனில்லை. டிக் போடுவதென்றால் அந்தப் பதிவுகளை முதலில் பதிவுத்தளத்தில் இருந்து எடுத்துவிட வேண்டும்.

சில்லறை விஷயங்கள், பெரிய தலைவலிகள்

வாசகர்கள் விருப்பப்பட்டால் பணம் அனுப்பட்டும் என்று யூபிஐ க்யூஆர் போடுவது எளிது. பல யூபிஐ முகவரிகளில் கைபேசி எண் அப்படியே இருக்கும்; ஊருக்கே எண்ணைக் கொடுத்ததாகிவிடும். எண் இல்லாத முகவரி ஒன்றைச் செயலியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம். சமையல் பதிவு எழுதுகிறவர்கள் பருப்புப்பொடி, ஊறுகாய் விற்க ஆரம்பித்தால், வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும்.

வருமானம் சின்னது, வரிக்கணக்கில் காட்ட வேண்டாம் என்பதும் சரியில்லை. சம்பளம் வாங்குகிறவர் என்றால் இந்தத் தொகையும் அதோடு சேரும். நிறுவனங்கள் இலவசமாகத் தரும் பொருளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் அதுவும் வருமானமே. ஒரு வருடத்தில் அப்படித் தருவதன் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) என்று 2022 ஜூலை முதல் விதி இருக்கிறது.

கடைசியாக டொமைன். முதல் வருடம் மலிவாகத் தந்துவிட்டுப் புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பது இந்தத் தொழிலின் வழக்கம், வாங்கும்போதே அந்த விலையையும் பாருங்கள். தெரிந்த தம்பி ஒருவர் அவருடைய மின்னஞ்சலில் வாங்கித் தந்திருந்தால் இன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு மறக்கவும் முடியாது. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரில் இறுகிய பிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் தானாக எடுக்கும் பணம் சத்தமில்லாமல் நிராகரிக்கப்படுவது உண்டு. கெடு தேதிக்கு ஒரு மாதம் முன்பே போன் காலண்டரில் குறித்துவைத்து, கையாலேயே கட்டிவிடுங்கள்.