காந்தத்தை மறைக்க அலுமினியத் தாள் சுற்றாதீர்கள்

குண்டூசி ஒன்றை நூலில் கட்டி, நூலின் மறுமுனையை மேசையில் ஒட்டுங்கள். மேலே ஒரு சின்னப் பட்டைக் காந்தத்தைப் பிடித்தால் ஊசி காந்தத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அந்த இடைவெளியில் காகிதம், பிளாஸ்டிக் ஸ்கேல், அலுமினியத் தாள், செப்புத் தகடு என ஒவ்வொன்றாக நுழையுங்கள். ஊசி நின்றபடியே நிற்கும். இரும்புத் தோசைத்திருப்பியை நுழைத்ததும் பொத்தென்று விழும். எத்தனை முறை செய்து காட்டினாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

இரும்பு காந்தப்புலத்தை, அதாவது காந்தத்தின் விசை எட்டும் வெளியை, தடுத்துவிட்டது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. காந்தப்புலக் கோடுகளுக்கு முடிவே இல்லை. காந்தத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்பி வரும். இரும்பு தன் உடம்பையே வாய்க்காலாக்கி அவற்றை மடை மாற்றிவிடுகிறது. அதனால்தான் கவசத்தில் இடைவெளி விட்டால் அங்கே புலம் கசியும்.

அப்படியானால் அலுமினியம் எதற்கும் உதவாதா? புலம் மாறிக்கொண்டே இருந்தால் உதவும். மாறும் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அது எதிர்ப்புலம் எழுப்பும். இண்டக்‌ஷன் அடுப்பின் புலம் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிர்வதால் 1 மி.மீ. அலுமினியமே அங்கே நல்ல கவசம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கோ (நொடிக்கு 50 முறை) ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். சமையலறைத் தாள் எந்த மூலைக்கு?

எம்.ஆர்.ஐ. அறைச் சுவரில் செப்புத் தகடு இருப்பதைக் கேள்விப்பட்டு, காந்தம் அதற்குள் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. செம்பு ரேடியோ அலைகளுக்காக. 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தை அடக்க, எதிர்ப்புலம் எழுப்பும் சுருள்களும் சில இடங்களில் சுவரில் கனத்த இரும்பும் தேவை. மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுருள் என்பதால் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை. சாவிக்கொத்தோடு உள்ளே போய்விடாதீர்கள்.

இரும்புக்கும் வயிறு நிறையும். மெல்லிய தகர மூடியை வைத்து வலுவான நியோடிமியம் காந்தத்தை மறைத்துப் பாருங்கள், ஊசி விழாது. இரும்பு சுமார் 2 டெஸ்லாவில் தெவிட்டிவிடும். மிச்சம் வெளியே வழியும். நிக்கல் மிகுந்த கலப்புலோகமான மியூமெட்டல் மெல்லிய புலங்களை அபாரமாக ஈர்த்துக்கொள்ளும், ஆனால் 0.8 டெஸ்லா அளவிலேயே தெவிட்டும். ஆகவே காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு, காக்க வேண்டிய கருவிக்குப் பக்கத்தில் மியூமெட்டல். மாற்றி வைத்தால் காசுதான் வீண். மியூமெட்டலை வாங்கியபின் வளைக்கவோ தட்டவோ கூடாது, கீழே போடவும் கூடாது. திறன் சரிந்துவிடும், மீட்க ஹைட்ரஜன் சூழலில் 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்ச வேண்டும்.

கவசத்துக்கு எவர்சில்வர் எடுக்கும்போதும் ஏமாறாதீர்கள். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, 430-இல் ஒட்டும். 304 சிங்க்கிலும் அழுத்தி வளைத்த மூலைகளில் லேசாக ஒட்டுவதுண்டு. காந்தத்தைத் தட்டையான பகுதியில் வைத்தே சோதியுங்கள்.