புளித்த மூலிகைச் சாறும் மெலனின் சோதனையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புளிக்கவைத்த மூலிகைகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனையும், தோல் நிறத்தைக் குறைக்கும் திறனையும் சோதிக்க ஆய்வகத்துக்கு வரும் புதியவர்கள், எங்கள் காலத்தில் நடந்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். பைப்பெட் பிடிப்பது, லேபிள் ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

அமிலத்தின் வேலையை மூலிகையின் கணக்கில் எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒரு மாணவி வரைபடத்தோடு வந்தார். தோலின் நிறப்பொருளான மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் நொதியைப் புளிக்காத சாறு கொஞ்சம்தான் தடுத்திருந்தது. லாக்டிக் அமில பாக்டீரியா சேர்த்துப் புளிக்கவைத்த சாறோ கிட்டத்தட்ட முழுதாக நிறுத்தியிருந்தது. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) எவ்வளவு என்று கேட்டேன். அளக்கவில்லை.

இந்தச் சோதனையில் பயன்படுத்தும் காளான் டைரோசினேஸ் நன்றாக வேலை செய்வது பிஎச் 6.5 முதல் 7 வரை. நன்கு புளித்த சாறு 4-க்கும் கீழே போய்விடும். பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலான பஃபர் போதுமான வலுவில் இல்லையென்றால் சோதனைக் குழியும் புளித்துவிடும், நொதி முடங்கிவிடும். மூலிகையே இல்லாத வெறும் ஊடகத்தில் லாக்டிக் அமிலம் விட்டு, அதே பிஎச்சில் சோதிக்கச் சொன்னேன். அதுவும் ஏறக்குறைய அதே அளவு தடுத்தது! அதற்குள் சாற்றைப் பிரித்தெடுப்பது, செல் சோதனை என்று பல மாத உழைப்பும் பணமும் போயிருந்தன.

சாற்றை நடுநிலைப்படுத்திவிட்டுச் சோதியுங்கள். கூடவே கண்ட்ரோல்கள் வேண்டும்: பாக்டீரியா சேர்க்காமல் அதே வெப்பத்தில் அதே நேரம் வைத்த மூலிகைச் சாறு, மூலிகை இல்லாமல் பாக்டீரியா வளர்ந்த ஊடகம், அமிலம் விட்ட வெறும் ஊடகம். லாக்டிக் பாக்டீரியாவுக்கான எம்ஆர்எஸ் ஊடகத்தில் வளர்த்தால் இவை இன்னும் முக்கியம். அதிலுள்ள ஈஸ்ட் சாறும் பெப்டோனுமே, ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளக்கப் பயன்படும் டிபிபிஎச் என்ற வேதிப்பொருளின் ஊதா நிறத்தைக் குறைக்கும்.

புளிக்கும்போது பீட்டா குளுக்கோசிடேஸ் நொதி ஃபிளாவனாய்டுகள் என்ற தாவரப் பொருள்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வெட்டுகிறது. அதனால் சில மூலிகைகளின் திறன் உண்மையிலேயே கூடுகிறது. அந்த நிஜமான மாற்றம் அமிலத்துக்குள் மறைந்துபோவதுதான் என் ஆற்றாமை.

சாற்றின் நிறத்தைக் கழிக்காமல் விடுவது

டைரோசினேஸ் வினையில் உருவாகும் நிறப்பொருளான டோபாகுரோமை 475 நானோமீட்டரிலும் டிபிபிஎச்சை 517-லும் அளக்கிறோம். பழுப்புச் சாறு இரண்டு இடத்திலும் ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு செறிவுக்கும் தனி பிளாங்க் (நொதியோ டிபிபிஎச்சோ சேர்க்காத சாறு) வைத்து, அதன் அளவைக் கழியுங்கள்.

செல்கள் செத்ததைக் கவனிக்காதது

மெலனின் உருவாக்கும் செல்களில் சாற்றைச் சோதிக்கும்போது, செல் குறைந்தாலும் மெலனின் குறையும். அளந்த மெலனினைப் புரத அளவால் வகுத்துச் சொல்லுங்கள். அப்புறம், செல்களைக் கழுவாமல் எம்டிடி (உயிருள்ள செல்லில் ஊதாவாக மாறும் சாயம்) சேர்க்காதீர்கள். சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் செல்லே இல்லாத குழியிலும் அதை ஊதாவாக்கிவிடும்.

டிபிபிஎச் எண்ணை வைத்துத் தோலைப் பற்றி எழுதுவது

கூடவே கூடாது. அது செல்லோ தோலோ இல்லாமல் நடக்கும் வேதிவினை மட்டுமே.

காளான் நொதியோடு நின்றுவிடுவது

தோல் நிறத்தைக் குறைக்கப் பயன்படும் கோஜிக் அமிலம் காளான் டைரோசினேஸை நன்றாகத் தடுக்கும், மனித டைரோசினேஸிடம் அவ்வளவு எடுபடாது. தயாமிடால் என்ற இன்னொரு நிறக்குறைப்புப் பொருள் இதற்கு நேரெதிர். காளான் நொதியை மட்டும் வைத்து வடிகட்டினால், தயாமிடால் போன்ற பொருளை முதல் சுற்றிலேயே தூக்கிப் போட்டிருப்பீர்கள்.