ஆன்லைன் ஆட்டங்களில் வசைப்பேச்சைக் குறைப்பது எப்படி?

முன்பின் அறியாத ஐவர் ஓரணியாகச் சேர்ந்து ஆடும் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ 2009-இல் வெளிவந்தது. அதில் வசை ஏன் பெருகுகிறது என்பதை அதை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனமே ஆராய்ந்தபோது, கெட்ட பேச்சின் பெரும்பகுதி ஓயாமல் வசைபாடும் சிலரிடமிருந்து வரவில்லை, வழக்கமாக ஒழுங்காக ஆடுகிறவர்கள் என்றோ ஒருநாள் நிதானம் இழந்ததால் வந்தது என்று தெரிந்தது. ஒருவரின் தவறு மற்ற நால்வரையும் பாதிக்கிறது. பாதியில் வெளியேறினால் தண்டனை உண்டு. எதிரில் இருப்பவரின் முகமோ தெரியாது. இந்த மூன்றும் சேர்ந்தால் பொறுமைசாலியும் கொதித்துப்போவார்.

ஆகவே, வசை வந்தவுடன் பதில் எழுதாமல் ஸ்கோர்போர்டைத் திறந்து, வசைபாடுபவரின் பேச்சு உங்களுக்கு வராதபடி அவரை மியூட் செய்யுங்கள். அணிக்குச் சொல்ல வேண்டியதைப் பிங் எனப்படும் ஆட்டத்துக்குள்ளான சைகைக் குறிகள் மூலமே பெரும்பாலும் சொல்லிவிடலாம். எதிரணியுடன் எழுத்தில் பேசும் சாட் வசதியை ரயட் நிறுவனம் தானாக இயங்காதபடி மாற்றி, விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளலாம் என்று விட்டபோது, பேச்சின் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க, வசை மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தச் சாட் வசதியை நீங்களும் அணைத்தே வைத்திருப்பது நல்லது.

“உன்னை ரிப்போர்ட் செய்கிறேன்” என்று ஆட்டத்தின் நடுவே மிரட்டுவதால் சண்டைதான் வளரும். ஆட்டம் முடிந்ததும் புகாருக்கான சரியான பிரிவைத் தேர்ந்தெடுத்து, நடந்ததை ஓரிரு வரிகளில் எழுதி அனுப்புங்கள். குரல்வழிப் பேசும் வாலரன்ட் போன்ற ஆட்டங்களில் பெண்குரல் கேட்டதும் தொடங்கும் ஆபாசப் பேச்சையும், சாதி, மொழி, நிறம் சொல்லி இழிவுபடுத்துவதையும் கோபத்தில் வந்த சொல்லென்று ஒருபோதும் மன்னிக்கக் கூடாது. அவற்றை ஒவ்வொரு முறையும் புகாராக அளிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஆதரவாக அணியில் ஒருவராவது அப்போதே “போதும், நிறுத்துங்கள்” என்று சொல்வது மிகவும் தேவை.

நன்றாக நடந்துகொண்ட சக ஆட்டக்காரரைப் பாராட்ட, லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2012-இல் வந்த ‘ஆனர்’ வசதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள். தொடர்ந்து தோற்று எரிச்சலில் இருக்கும்போது அடுத்த ஆட்டத்துக்குப் போகாதீர்கள். அப்போது வசைபாடுபவர் நீங்களாகவே இருக்கக்கூடும். வசைபாடுபவர் உங்கள் நண்பராக இருந்தால், எல்லார் முன்னிலையிலும் கண்டிக்காமல் ஆட்டம் முடிந்தபின் தனியே அழைத்து, அவர் எழுதிய சொற்களை அப்படியே எடுத்துக்காட்டிப் பேசுங்கள். அதன்பிறகும் அவர் மாறவில்லையென்றால், அவரோடு சேர்ந்து ஆடுவதை நிறுத்திவிட்டு, அதற்கான காரணத்தையும் அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.