இரண்டு பயாப்சி அறிக்கைகளை அருகருகே வைத்துப் படிக்கும் முறை

மாட்டுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ ஒரு தமிழ்க் குடும்பம் ‘டாடாவுக்குப் போக வேண்டும்’ என்று சொன்னால், பரேலில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையைத்தான் சொல்கிறது என்பது மும்பையில் எவருக்கும் புரியும். மார்பகக் கட்டிக்காக அங்கே செல்வோர் சிலரிடம் வெளியே செய்துகொண்ட இரண்டு அறிக்கைகள் இருக்கும். ஊசிப் பயாப்சியின் அறிக்கையில் டி.சி.ஐ.எஸ். (பால்நாளத்துக்குள்ளேயே அடங்கிய புற்று) என்றும், அறுவைக்குப் பின் வந்ததில் ஊடுருவிய புற்றுநோய் (நாளத்தைத் தாண்டிச் சுற்றுத் திசுவுக்குள் நுழைந்தது) என்றும் இருந்தால், முதல் பரிசோதனை தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஊசியில் வருபவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள துணுக்குகளே, அவற்றில் டி.சி.ஐ.எஸ். மட்டும் தெரிந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, கட்டியை முழுதாக எடுத்த பிறகு ஊடுருவல் தெரியவருகிறது.

ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, ஒவ்வோர் அறிக்கையின் எண்களையும் ஒரு பக்கம் எழுதுங்கள். ஆனால் எண்ணுக்கு முன்னால், அது திசுவின் எந்தப் பகுதியில் பார்த்தது என்பதை எழுத வேண்டும். டி.சி.ஐ.எஸ்.ஸில் புற்றுச் செல்கள் பால்நாளத்துக்குள்ளேயே அடைபட்டிருக்கும். நாளத்தைச் சுற்றியுள்ள மயோஎபிதீலியல் செல்களின் வரிசையும் அதற்கு வெளியே உள்ள மென்சவ்வும் அவற்றுக்கு வேலி. பி63, கால்போனின் ஆகிய சாயங்கள் அந்த வரிசையைக் காட்டுகின்றன. வரிசை இருந்தால் செல்கள் உள்ளேயே உள்ளன. சந்தேகத்துக்குரிய இடத்தில் அது இல்லையென்றால் ஊடுருவல் என்ற முடிவு வலுப்பெறும். எல்லாரும் முதலில் தேடும் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதம்), ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) எண்களால் இந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது.

ஈ.ஆர். தெரியும் புற்றுச் செல்கள் 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். 1 முதல் 10 வரை இருப்பதைக் குறைந்த பாசிட்டிவ் என்று தனியே குறிப்பிடுவார்கள். எண் ஒன்றாகவே இருந்தாலும் அதன் பயன் இரண்டு பக்கங்களிலும் ஒன்றல்ல. டி.சி.ஐ.எஸ்.ஸில், அதே மார்பகத்திலோ மறு மார்பகத்திலோ நோய் வருவதைக் குறைக்க ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டாமோக்சிஃபென் போன்ற மருந்து தரலாமா என்பதே கேள்வி. ஊடுருவிய நோயில், உடலின் வேறிடங்களுக்குப் பரவாமல் காக்கும் சிகிச்சையின் அடித்தளமே இந்த எண்தான்.

அதிகம் குழப்புவது ஹெர்2; அதற்கு 0 முதல் 3+ வரை மதிப்பெண் தருவார்கள், 3+ என்றால் பாசிட்டிவ். நோய் முற்றினால்தான் அது கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உயர் கிரேடு (செல்கள் இயல்பிலிருந்து மிகவும் மாறிய) டி.சி.ஐ.எஸ்.ஸில் 3+ காணப்படுவது ஊடுருவிய புற்றுநோயைவிட அதிகம். ஆகவே முதல் அறிக்கையில் 3+ என்றும் இரண்டாவதில் 1+ என்றும் இருந்தால், முதலில் கேட்க வேண்டியது, முதல் எண் நாளத்துக்குள் இருந்த செல்களுடையதா என்பதே. இரண்டு பகுதிகளும் ஒரே கட்டியில் இருக்கும்போது சிகிச்சைக்குக் கணக்கில் கொள்வது ஊடுருவிய பகுதியின் மதிப்பெண்தான்; ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி டி.சி.ஐ.எஸ்.ஸுக்கு மட்டும் என்று வழக்கமாகத் தரப்படுவதில்லை. ஊடுருவிய பகுதியில் 2+ வந்தால் அது முடிவான விடையல்ல. ஹெர்2 மரபணுவின் படிகளை எண்ணும் ஃபிஷ் பரிசோதனை வேண்டும்.

எத்தனை சதவீதப் புற்றுச் செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கேஐ-67 எண் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறக்கூடியது. ஊடுருவிய நோயில் 5 சதவீதம் வரையோ, 30க்கு மேலோ இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. 15க்கும் 20க்கும் உள்ள வேறுபாட்டை வைத்துக் கவலைப்படுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

சிஏ 15-3 இந்தத் தாளில் இடம்பெறவே வேண்டாம். அது இரத்தப் பரிசோதனை. தொடக்க நிலை நோயில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், கல்லீரல் கோளாறிலும் உயரலாம். பரவிய நோயில் சிகிச்சையின் போக்கைக் கவனிக்கத்தான் அது உதவுகிறது.

எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், திசு எத்தனை மணி நேரம் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) இருந்தது என்று பாருங்கள். 6 முதல் 72 மணி நேரம் வரை என்பது ஏற்கப்பட்ட அளவு. குறைந்தாலும் கூடினாலும் சாயம் சரியாகப் பிடிக்காமல், பாசிட்டிவ் கட்டி நெகட்டிவாகத் தெரியலாம். மறுபரிசோதனைக்கு அச்சிட்ட தாள் போதாது. ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகளையும் வாங்கி, பிளாக்கின் மேலுள்ள எண் அறிக்கையில் உள்ள எண்தானா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் அவற்றை விட்டுவிட்டுச் செல்லக் கூடாது; மெழுகு இளகினால் உள்ளே இருக்கும் திசு கெடும், அதே இடத்திலிருந்து இன்னொரு துண்டு எடுக்க வழியில்லாமலும் போகலாம்.