கட்டுநாயக்கவிலிருந்து வான்வழித் தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்கிடும் முறை

டுபாய்க்கு வேலைக்குச் செல்லும் மகளோ மகனோ எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார் என்பதை, வீட்டில் இருப்பவர்கள் முகவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்றில்லை. பள்ளியில் படித்த அகலக்கோட்டையும் கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பானையும் கொண்டு அதைக் கணக்கிட்டுவிடலாம்.

முதலில் எளிதான சென்னையை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையம் 7.18 பாகை வட அகலக்கோட்டிலும் சென்னை விமான நிலையம் 12.99 பாகையிலும் உள்ளன. நெடுங்கோடு இரண்டுக்குமே ஏறத்தாழ 80 பாகை என்பதால் சென்னை நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். வித்தியாசமான 5.81 பாகையை 111ஆல் பெருக்கினால் 645 கிலோமீற்றர் வரும்.

டுபாய் வடமேற்கே இருப்பதால் இந்தக் குறுக்குவழி அங்கு பொருந்தாது. பூமி உருண்டை என்பதால் தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைப்பதும் தவறான விடையையே தரும். பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் இரு இடங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து, அந்த நீளத்தை 40,000 கிலோமீற்றர் கொண்ட பூமத்திய ரேகையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர் கிடைக்கும். இணையத்தில் தூரம் பார்ப்பவர்கள் கட்டுநாயக்க, டுபாய் விமான நிலையங்களின் குறியீடுகளான சி.எம்.பி. (CMB), டி.எக்ஸ்.பி. (DXB) ஆகியவற்றை இட்டால் போதும்.

அடுத்து நேரம். பயணிகள் ஜெட் விமானத்தின் வேகத்தை மணிக்கு 850 கிலோமீற்றர் எனக் கொண்டு தூரத்தை வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் நகரவும் அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம், டுபாய்க்கு ஏறத்தாழ நான்கரை மணி நேரம் வரும். மேல்வானக் காற்று எதிர்த்து வீசினால் இது சற்றுக் கூடும்.

பலர் தடுமாறுவது கடிகாரத்தில்தான். விமானச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். டுபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் நமது நேரப்படி பிற்பகல் 2.30க்கு இறங்கும்போது அங்கே 1 மணிதான். ஆகவே சீட்டில் 10க்கும் 1க்கும் இடையே மூன்று மணி நேரமே தெரிந்தாலும், பறப்பது நான்கரை மணி நேரம்.

இனி வீட்டிலிருந்து புறப்படும் நேரம். மலையகத்தவருக்கு இதுவே மிக முக்கியம், ஏனெனில் சென்னைக்குப் பறப்பதைவிடக் கட்டுநாயக்கவுக்கு இறங்குவதற்கே பல மடங்கு நேரம் தேவை. இதைப் பின்னிருந்து முன்னாகக் கணக்கிடுங்கள். விமானம் காலை 10 மணிக்கு என்றால் 7 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து வான் வாகனத்தில் வீதிவழியே செல்ல ஐந்து மணி நேரமும், கினிகத்தேனைப் பக்கத்துப் பனிமூட்டத்துக்கும் வழியில் வாகன நெரிசலுக்குமாக மேலும் ஒரு மணி நேரமும் ஒதுக்கினால், நள்ளிரவு கடந்து 1 மணிக்கே புறப்பட வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவால் கித்துல்கல வீதி மூடப்படலாம் என்பதால், முதல் நாள் மாலையே வீதி நிலைமையைச் சாரதியிடம் விசாரித்து, தேவையானால் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகச் சுற்றிச் செல்வதற்கான நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.