வேலையில் அடிபட்டால் முதல் சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். இப்போது சங்கத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டு விவகாரங்களைப் பார்க்கிறேன். கையில் கட்டோடு வருகிறவர்களை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கிளை அலுவலகத்துக்கும் போய்வருவதுதான் அதில் பெரும்பகுதி. வருகிறவர்களில் பலருக்குச் சட்டப்படி எல்லா உரிமையும் இருக்கும். ஆனால் ஏதாவது ஒரு காகிதம் குறுக்கே நிற்கும். அந்தக் காகிதம் பெரும்பாலும் அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில் எழுதப்பட்டதாக இருக்கும். அதனால் அந்த ஒரு மணி நேரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உயிரும் உறுப்பும். விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். டைக்குள், அதாவது தகட்டை அழுத்தும் அச்சுக்குள் கிடந்தால் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் உள்ளே கை விட வேண்டும். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பைக்குள் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே போங்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். அவசரத்துக்குத் தனியாரிடம் போனால் உரிமை போய்விடாது.

சீட்டில் ஏறும் ஒரு வரி

ஆஸ்பத்திரியில் கேஷுவால்ட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி அடிபட்டுச்சு?" அதற்கு வரும் பதில்தான் விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. அதன் நகலை எல்லாரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவர் வலியில் இருப்பார், கூட வந்தவர் பேசுவார், அவர் சொன்னது எழுத்தாகிவிடும்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, காண்ட்ராக்ட் ஆள். இரவு ஷிஃப்டில் பிராக்கெட் அடிக்கும் பிரஸ்ஸில் வலது கை ஆள்காட்டி விரலின் நுனிக் கணு போய்விட்டது. சூப்பர்வைசர் பைக்கில் உட்காரவைத்து ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார். "செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும், நீ ஒண்ணும் பேசாத" என்றார். டாக்டரிடம் அவரே பதில் சொன்னார். சீட்டில் "வீட்டில் கதவு இடுக்கில் நசுங்கியது" என்று எழுதியாயிற்று. தையல் பிரித்த வாரமே, இனி எங்களால் ஆகாது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

அந்த ஒரு வரியால் என்ன போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவில் நசுங்கினால் இ.எஸ்.ஐ. பார்வையில் அது சாதாரண நோய்தான். நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம். ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். அதுவும் அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான். வேலையில் நடந்த காயம் என்றால் 90 சதவீதம். குணமாகும்வரை கிடைக்கும், நாள் வரம்பு கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஒரு நாள் சராசரிக் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒன்று 350, மற்றது 450. விரல் போனதற்கான மாதத் தொகையோ வேலைக்காயம் என்று ஏற்றுக்கொண்டால் மட்டுமே வரும்.

அதனால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த மெஷினில், என்ன செய்துகொண்டிருந்தபோது. "இன்னைக்குக் காலைல ஆறரை மணிக்கு, கம்பெனிக்குள்ள, பவர் பிரஸ்ல பீஸ் எடுக்கும்போது டை இறங்கி வலது கை மாட்டிக்கிச்சு." இதில் ஒன்று விட்டாலும் பின்னால் கேள்வி வரும். வடக்கிலிருந்து வந்த தொழிலாளி என்றால், அவருடைய மொழியும் தமிழும் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்காகக் கம்பெனி ஆள் மட்டும் பேசுவதை அனுமதிக்கவே கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் பதிவாக வேண்டியவை

தொழிற்சாலையில் விபத்துப் புத்தகம் ஒன்று இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயரும் நேரமும் ஏறினால் நீங்கள் முறைப்படி தகவல் கொடுத்ததாகவே கணக்கு. நீங்கள் போக முடியாவிட்டால் கூட வேலை பார்க்கிறவர் சொல்லலாம். வாய்வழியாகச் சொன்னாலும் செல்லும். ஆனால் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு. வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கம்பெனி இ.எஸ்.ஐ.க்கு ஆன்லைனில் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். படிவம் 12 என்று சொல்வார்கள். அனுப்பினார்களா என்று எச்.ஆரிடம் கேட்டு நகல் வாங்குங்கள். "அனுப்பிட்டோம், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். கிளை அலுவலகத்தில் உங்கள் ஐ.பி. நம்பரை, அதாவது இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணைச் சொல்லிக் கேட்டால் வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கம்பெனி அனுப்பவே இல்லையென்றால்? நீங்களே கிளை மேலாளருக்கு எழுதுங்கள். அந்தத் தம்பிக்கு அதைத்தான் செய்தோம். அன்று இரவு அவன் உள்ளே போன பஞ்ச் பதிவு இருந்தது. நர்சிங் ஹோமிலிருந்து ரூம்மேட்டுக்கு அவன் அனுப்பிய வாட்ஸ்அப் படம், நேரத்தோடு இருந்தது. பக்கத்து மெஷினில் இருந்தவர் பயந்தபடியே இருந்தாலும் கடைசியில் எழுதிக் கொடுத்தார். கிளை மேலாளர் கம்பெனிக்குப் போய் விசாரித்து, வேலைக்காயம் என்று ஏற்றுக்கொண்டார். சீட்டில் தவறாக ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் சாட்சியைச் சேர்க்க முதல் சில நாள்தான் நல்ல நேரம். மெஷினைக் கழுவி, டையை மாற்றி, கை உள்ளே போகாதபடி பாதுகாப்புத் தடுப்பும் பொருத்திவிட்டார்கள் என்றால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.

கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் மூன்று பேச்சுகள் இருக்கின்றன. "தப்பு உன்னுது, சென்சாரை நீதான் கழட்டின." கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் கருவிதான் சென்சார். முதலாளியின் வேலைக்காகச் செய்துகொண்டிருந்தபோது விதியை மீறியிருந்தாலும் அது வேலைக்காயம்தான். 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே இருந்த இந்தப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. உற்பத்தி எண்ணிக்கைக்காகச் சென்சாரைக் கழற்றச் சொல்வது யார் என்பது பிரஸ் ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். அடுத்தது, "நீ எங்க ஆள் இல்ல, காண்ட்ராக்டரைப் போய்க் கேளு." சந்தா கட்டும் பொறுப்பு கடைசியில் முதன்மை முதலாளியுடையது, அதாவது காண்ட்ராக்டரை வைத்து வேலை வாங்கும் கம்பெனியுடையது. மூன்றாவது, "உனக்கு இன்னும் இ.எஸ்.ஐ. போடல." போடாதது அவர்கள் குற்றம். சட்டம் பொருந்துகிற தொழிலாளிக்குச் சந்தா கட்டத் தவறினால், இ.எஸ்.ஐ. உதவியைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

அடிபட்ட அன்று மாலையே அவசரமாகப் பெயர் பதிகிற கம்பெனிகளும் உண்டு. அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஐ.பி. நம்பரைக் கேளுங்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 112 ரூபாய் 50 காசு, சில்லறையை முழு ரூபாயாக்கி 113. கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். உமங் செயலியில் உங்கள் சந்தா விவரம் தெரியும். 1800-11-2526 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

சிகிச்சையும் பணமும்

நிலை சீரானதும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு மாறிவிடுங்கள். சென்னையில் அயனாவரம், கே.கே. நகர், கோவையில் சிங்காநல்லூர். அங்கே வசதியில்லாத ஆபரேஷனுக்கு அவர்களே ரெஃபரல் கடிதம் கொடுத்து ஒப்பந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் கைக்காசு கட்ட வேண்டாம். தொழிலாளியின் சிகிச்சைக்கு இத்தனை ரூபாய்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. செயற்கை உறுப்பும் இதில் அடக்கம்.

அவசரத்தில் தனியாரிடம் பணம் கட்டியிருந்தால் அசல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசர சிகிச்சை என்ற டாக்டர் சான்று எல்லாவற்றையும் உங்கள் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி வழியாகக் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டக் கட்டண அளவுக்குத்தான் தருவார்கள். முழுத் தொகையும் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

லீவ் சர்டிஃபிகேட்டை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் இடைவெளி விடாமல் வாங்கிக்கொண்டே வாருங்கள். ஒரு வாரம் விட்டால் அந்த வாரத்துப் பணம் சிக்கலாகும். அடிபட்ட நாளைத் தவிர்த்து மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால்தான் பணம் கிடைக்கும். பணம் வங்கிக் கணக்குக்கே வரும். இந்த உதவி வாங்கும் காலத்தில் உங்களை வேலையைவிட்டு நீக்கக் கூடாது.

காயம் ஆறி, வேலைக்குப் போகலாம் என்று இறுதிச் சான்று கொடுத்த பிறகுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். விரலோ பார்வையோ நிரந்தரமாகப் போயிருந்தால், இழப்பு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும்படி கிளை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 9 சதவீதம் இழப்பு; இரண்டு கணு 11; முழு விரல் 14. கட்டைவிரல் முழுதும் போனால் 30. தம்பியின் கணக்கு இப்படி: ஒரு நாள் 450 ரூபாயில் 9 சதவீதம் 40 ரூபாய் 50 காசு, மாதம் ஏறக்குறைய 1,215 ரூபாய், ஆயுள் முழுதும். வேறு கம்பெனியில் முழுச் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் இது நிற்காது.

போர்டுக்குப் போகும்போது எக்ஸ்ரே, ஏ.ஆர். காப்பி எல்லாம் வேண்டும். எந்த வேலை முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். சட்டைப் பட்டன் போட முடியவில்லையா, நட்டைப் பிடித்துத் திருக முடியவில்லையா, மீதி விரல்களும் மடங்கவில்லையா? அதைச் செய்து காட்டுங்கள். வெளியே தெரியும் வெட்டை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே இறுகிப்போன மூட்டை விட்டுவிடக் கூடாது. சதவீதம் குறைவென்று பட்டால் முடிவு கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு வழி வேறு. வேலைக்காயத்துக்கு ஆன மருத்துவச் செலவை முதலாளியே கொடுத்தாக வேண்டும். நஷ்டஈடு அதற்குமேல் தனி. கொடுக்காவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனுப் போட வேண்டும். பில்களை அசலாக வைத்திருங்கள்.

இன்னொன்று, அலுவலகத்தில் யாரும் தானாகச் சொல்வதில்லை. நிரந்தர ஊனத்தால் வேலையை விட்டே நின்றுவிட்டவர், ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால் ஓய்வு பெறும் வயதுவரை அவருக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சை தொடரும். கிளை அலுவலகத்தில் கேட்டுக் கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது கேட்பார்கள்.