504 வந்ததும் டைம்அவுட்டைக் கூட்டாதீர்கள்

முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் சர்வர், பின்னால் செயலி என்று ஓடும் தளத்தில், செயலி உரிய நேரத்தில் பதில் தராமல் 504 பிழை வந்தால், பலரும் முதலில் கைவைப்பது டைம்அவுட்டில், அதாவது காத்திருப்பு வரம்பில்தான். 60 விநாடியை 300 ஆக்குவார்கள். நானும் ஆக்கியிருக்கிறேன். பிழை மறைந்தது, சில நாளில் தளமே படுத்துவிட்டது. மந்தமான ஒரு டேட்டாபேஸ் வினவலுக்காக ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வொர்க்கரை (செயலியில் கோரிக்கையைக் கையாளும் ஒரு பணியாளை) ஐந்து நிமிடம் பிடித்து வைத்தால், எட்டு வொர்க்கர் முடங்க எட்டே பேர் போதும்.

அந்த 60 விநாடியும் பலர் நினைப்பதுபோல் மொத்த நேரம் அல்ல. என்ஜின்எக்ஸின் ரீட் டைம்அவுட், அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான மௌனத்தைத்தான் அளக்கிறது. 50 விநாடிக்கு ஒருமுறை நாலு பைட் சொட்டிக்கொண்டிருந்தால் இணைப்பு மணிக்கணக்கில் முறியாது. பைத்தான் மொழியில் வலைக் கோரிக்கை அனுப்பப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்திலும் இதே கதை. அதில் நாமாக வரம்பு வைக்காவிட்டால் வரம்பே கிடையாது!

வரிசையிலும் கவனம் வேண்டும். என்ஜின்எக்ஸ் 30 விநாடி காத்தால் செயலி 20, டேட்டாபேஸ் 10 என்று உள்ளே போகப் போகக் குறைய வேண்டும். தலைகீழாக வைத்தால், பயனர் பிழையைப் பார்த்துவிட்டுப் போன பிறகும் செயலி யாருக்கோ உழைத்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்த இணைப்பை மூடாமல் எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்ற கீப்அலைவ் வரம்பு மட்டும் விதிவிலக்கு. அங்கே உள்ளே இருப்பதுதான் அதிகம் காக்க வேண்டும். கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் அமேசானின் லோடு பேலன்சர் சும்மா கிடக்கும் இணைப்பை இயல்பாக 60 விநாடி வைத்திருக்கும், பின்னால் செயலியை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸோ பல பதிப்புகளில் 5 விநாடியிலேயே மூடிவிடும். மூடிய இணைப்பில் பேலன்சர் கோரிக்கையை அனுப்பினால் சரியான பதில் வராது, அதுதான் 502. காரணம் தெரியாமல் எப்போதாவது எட்டிப்பார்க்கும் 502 பிழைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் பிறப்பவை.

தாமதம் எல்லாவற்றுக்கும் சர்வரைத் திட்டுவதும் நியாயமில்லை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கி.மீ.; போய்வர 130 மில்லிவிநாடிக்குக் குறைய வழியில்லை. இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு போய்வரும் பயணம், அதை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3க்கு இன்னொன்று, கோரிக்கைக்கு ஒன்று: ஏறக்குறைய 400 மில்லிவிநாடி. இதைப் பெரிய சர்வர் குறைக்காது. திறந்த இணைப்பை மறுபடி பயன்படுத்தினால் குறையும்.

மிகவும் விலைகொடுக்க வைப்பது கண்மூடித்தனமான மறுமுயற்சி. பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. பணம் பிடிக்கும் கோரிக்கை டைம்அவுட் ஆகி, நிரல் அதை மறுபடி அனுப்பினால் வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் போகும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்து, மறுமுயற்சியிலும் அதே எண்ணை அனுப்புங்கள். ஏற்கெனவே பார்த்த எண் என்றால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரட்டும்.